எலுமிச்சையும் இட்லிப்பூவும்: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் கொல்லையில் ஒரு எலுமிச்சையும் வாசலில் மதிலை ஒட்டி ஒரு வரிசை இட்லிப்பூவும் வைக்காமல் விடுவதில்லை. இரண்டும் ஒரே நர்சரியிலிருந்து ஒரே வண்டியில் வருகின்றன, ஒரே மோட்டார் தண்ணீர், ஒரே உரம், ஒரே கைப்பக்குவம். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் எலுமிச்சை இலையாக வளர்ந்து பூவே இல்லாமல் நிற்கும், இட்லிப்பூ வெளுத்துப் போய் நிற்கும். செடி ராசியில்லை, கை ராசியில்லை என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் மண்ணும் தண்ணீரும் இந்த இரண்டு செடிகளையும் வேறு வேறு இடத்தில் பிடிக்கின்றன, அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இரண்டும் வெயில் தாங்கும் செடிகள்தானே, பராமரிப்பில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

தண்ணீர்தான் முதல் வித்தியாசம். எலுமிச்சை வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அதே அளவு காற்றும் வேண்டும். ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, மேல் மண் காயும்வரை விட்டுவிட வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும், அடித்தண்டில் பிசின் வடியும். இட்லிப்பூ அப்படியில்லை, அது சீரான ஈரத்தை விரும்பும். தண்ணீர் தேங்கவும் கூடாது, முழுக்கக் காயவும் கூடாது. அதன் வேர் மேலாகவே பரவுவதால் கத்திரி வெயிலில் நாலு நாள் விட்டாலே மொட்டெல்லாம் கருகிவிடும்.

இரண்டாவது, மண்ணின் புளிப்பு. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும், பிஹெச் (புளிப்பு, காரத்தின் அளவு, 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு) 5, 6 அளவில் இருந்தால் செடி கரும்பச்சையாக நிற்கும். எலுமிச்சை 7 வரைக்கும், அதைக் கொஞ்சம் தாண்டினாலும்கூட சமாளிக்கும். நம் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல்தான். ஆக, தண்ணீர் விட விட இட்லிப்பூவுக்கு மண் எதிரியாகிக்கொண்டே போகும்.

மற்றபடி உரம், கவாத்து, பூச்சி எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்து வருவதுதான்.

எங்கள் ஊர் சுத்தக் களிமண். எலுமிச்சை வருமா?

வரும், ஆனால் நெல் வயல் மட்டத்தில் வராது. நம் பக்கத்துப் பெரியவர்கள் நஞ்சைக்கு நடுவே மேடாக விட்டிருக்கும் திடலில்தான் மரம் வைப்பார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. கொள்ளிடக் கரைப் படுகை மண்ணில் மணலும் வண்டலும் கலந்திருக்கும், அங்கே எலுமிச்சை நன்றாகவே வரும். வல்லம், ஒரத்தநாடு பக்கம் செம்மண், அங்கேயும் கவலையில்லை. கஷ்டம் பழைய டெல்டாவில்தான். திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் மண்வெட்டி போட்டால் அப்பிக்கொண்டு வரும் மண்.

அந்த மாதிரி இடத்தில் எல்லோரும் செய்வது, புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று முக்கால் மீட்டர் குழி வெட்டி, உள்ளே நல்ல செம்மண்ணும் எருவும் நிரப்பி நடுவது. செம்மண் பூமியில் அது சரி. களிமண்ணில் அந்தக் குழி நாலு பக்கமும் பூசி மெழுகிய தொட்டியாகிவிடும், ஐப்பசி மழை முழுக்க அதற்குள் இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும், கன்று அதற்குள்ளேயே அழுகும். அதனால் குழியை ஆழமாக வெட்டாதீர்கள், மண்ணை மேலே ஏற்றுங்கள். ஐந்தடி அகலத்துக்கு ஒன்றரை அடி, இரண்டடி உயரத்துக்கு மேடு போட்டு, மேட்டு மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமும் கலந்து, அதன் உச்சியில் நடுங்கள். மழைத் தண்ணீர் வடிந்து போக ஒரு சின்ன வாய்க்காலும் வேண்டும், அது எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இட்லிப்பூவுக்கு இவ்வளவு உயரம் தேவையில்லை. அரை அடி மேடு போதும். ஆனால் மண் மேடாக இருப்பதைவிட மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பது அதற்கு முக்கியம்: இலைமக்கு, மக்கிய நார்க்கழிவு, தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள்.

எந்த மாதம் நடலாம்?

ஆடி, ஆவணி. பெருமழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் களிமண்ணில் எலுமிச்சைக் கன்று நடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தவறவிட்டால் தை பிறந்த பிறகு நட்டு, கோடை முழுக்கக் கண்ணும் கருத்துமாகத் தண்ணீர் விடுங்கள். இட்லிப்பூவைக் கடுங்கோடை தவிர எப்போதும் நடலாம்.

விதைக் கன்று வாங்குவதா, பதியன் (கிளையையே வேர்விட வைத்துப் பிரித்த கன்று) வாங்குவதா?

எலுமிச்சையில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், அதில் பெரும்பாலானவை தாய் மரத்தின் குணத்தோடேயே வரும். அதனால் விதைக் கன்று மோசம் என்று நினைக்க வேண்டாம். என்ன, காய்க்க நாலைந்து வருஷம் ஆகலாம். பதியன் கன்று இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும், ஆனால் ஆணிவேர் கிடையாது, புயல் காற்றுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இடமும் பொறுமையும் இருந்தால் நான் விதைக் கன்றையே சொல்வேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 ரகம் பல நர்சரிகளில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இட்லிப்பூவில் குச்சி வெட்டி வைத்தாலே போதும். பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் குறைவான, பூக்காத முனைக் குச்சியாக எடுத்து, மழைக்காலத்தில் நிழலில் வையுங்கள்.

தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நாள் கணக்கு சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்கள், அதனால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். எலுமிச்சை அடியில் நடுவிரல் முழுக்க உள்ளே போகும்படி மண்ணைக் குத்திப் பாருங்கள். விரல் நுனியில் ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். களிமண் மேலே வெடித்துக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும், மேல் வெடிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வளர்ந்த மரத்துக்குக் கோடையில் களிமண்ணில் வாரம் அல்லது பத்து நாளைக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும், மணலில் அதைவிட அடிக்கடி வேண்டும். தினமும் ஒரு குடம் ஊற்றுவது மிக மோசமான பழக்கம். மேலே நனைந்து வேர் மேலேயே சுருண்டு நிற்கும், அடித்தண்டு எப்போதும் ஈரமாக இருக்கும். தண்ணீர் தண்டில் படவே கூடாது. தண்டைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்டமாகப் பாத்தி எடுத்து, அந்தப் பாத்தியில் மட்டும் விடுங்கள். உறிஞ்சும் வேர்கள் கிளை நுனிக்கு நேர் கீழேதான் இருக்கின்றன, தண்டுக்குப் பக்கத்தில் இல்லை.

இட்லிப்பூவுக்குக் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள், மதில் சூடு அடிக்கும் இடமாக இருந்தால் தினமும். அடியில் வைக்கோல், தென்னை நார், வாழைச் சருகு எதையாவது மூன்று விரல் கனத்துக்குப் போட்டுவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம். எலுமிச்சைக்கும் மூடாக்கு போடலாம், ஆனால் தண்டை ஒட்டிப் போடாதீர்கள், கரையான் ஏறும்.

இலை மஞ்சளானால் உரம் போட வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டுப் பதில் சொல்வேன், ஏனென்றால் மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவைக் கொட்டி நல்ல மரங்களைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் பல விதம். எந்த இலை, அதில் எந்த இடம் என்று பாருங்கள்.

கீழே இருக்கும் பழைய இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி, மேல் இலைகள் வெளிர்பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. அதற்குத்தான் உரம்.

நுனியில் வரும் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக வலை மாதிரி தெரிந்தால் அது இரும்புச்சத்து எடுக்க முடியாத நிலை. மண்ணில் இரும்பு இருக்கும், மண் காரமாக இருப்பதால் வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூவில் நம் ஊரில் பார்க்கும் மஞ்சளில் பெரும்பகுதி இதுதான். இதற்கு யூரியா போட்டால் ஒரு பலனும் இல்லை.

எலுமிச்சையில் புது இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக மஞ்சள் படர்ந்து, கணுக்கள் நெருங்கி வந்தால் துத்தநாகக் குறைவு. நெல்லுக்கே ஜிங்க் சல்பேட் போடும் ஊர் நம்முடையது, எலுமிச்சை மட்டும் தப்புமா? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது, லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்து மார்ச், ஜூலை, அக்டோபர் என வருஷத்துக்கு மூன்று முறை, புதுத் தளிர் வந்த பிறகு இலை மேல் தெளிப்பது. இலை முற்றிவிட்டால் பெரிய பலன் இருக்காது, அதனால் தளிர் விடும் சமயத்தைப் பிடியுங்கள்.

பழைய இலையில் காம்புப் பக்கம் மட்டும் தலைகீழ் வி மாதிரி பச்சை இருந்து மற்ற இடம் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு, எப்சம் உப்பு உதவும்.

கடைசியாக ஒன்று, இதுதான் ஆபத்தானது: நடு நரம்பே மஞ்சளாகி, இலை தொங்கி, மண் ஈரமாக இருந்தும் செடி வாடின மாதிரி நின்றால் வேர் அழுகல். அப்போது உரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். வடிகால் வெட்டுங்கள், தண்டை ஒட்டிய மண்ணை விலக்கிக் காற்றுப் படவிடுங்கள். பிசின் வடியும் இடத்தைக் கத்தியால் சுரண்டிப் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) தடவலாம்.

ஒரே வரிசையில் வைத்த இட்லிப்பூவில் மதில் ஓரம் இருப்பவை மட்டும் வெளுக்கின்றனவே, ஏன்?

சிமெண்ட். கட்டும்போது சிந்திய கலவை, பூச்சு, ஜல்லிக் கழிவு எல்லாம் மதில் அடியில் புதைந்திருக்கும். ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்தும் மதில் பூச்சிலிருந்தும் சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்கும். ஓரடி தள்ளி இருக்கும் செடி பச்சையாகவும் மதிலைத் தொட்டுக்கொண்டிருக்கும் செடி வெள்ளையாகவும் இருக்கும், பார்த்தாலே புரியும். ஒரு அடி ஆழம் தோண்டிக் கழிவை அள்ளிப் போட்டுவிட்டு வேறு மண் நிரப்புங்கள், செடியை மதிலிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது செடிமேல் ஒரு சாக்கைப் போட்டு மூடுங்கள்.

இட்லிப்பூ வெளுத்தால் அன்னபேதி தெளிக்கச் சொல்கிறார்கள். எப்படி?

அன்னபேதி என்பது இரும்புச்சத்து உப்பு, உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். வாங்கும்போது வெளிர்பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்க வேண்டும். காற்றுப் பட்டுத் துரு நிறம் ஏறியிருந்தால் வேண்டாம். லிட்டருக்கு 5 கிராம் போட்டு, அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். சாறு ஏன் என்றால், நம் போர் தண்ணீரில் வெறும் அன்னபேதியைக் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கிக் காவி நிறமாகி அடியில் வண்டல் மாதிரி படியும். படிந்த இரும்பு இலைக்குப் பயன்படாது. புளிப்பு இருந்தால் அது கரைந்தே இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். கரைத்த உடனே, மாலை வேளையில், இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகத் திரும்பாவிட்டாலும் அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும், அதை வைத்துத்தான் பலனைக் கணக்கிட வேண்டும். டைல்ஸ் தரையில் சொட்டினால் கறை பிடிக்கும், கவனம்.

தெளிப்பு தற்காலிகம்தான். மண்ணைச் சரிசெய்யாமல் விட்டால் மூன்று மாதத்தில் திரும்ப வெளுக்கும். இலைமக்கும் தொழுவுரமும் தொடர்ந்து போடுங்கள், செடிக்கு ஒரு சின்னக் கைப்பிடி கந்தகத் தூள் மண்ணில் கலந்துவிட்டால் மெதுவாக வேலை செய்யும்.

இரண்டுக்கும் ஒரே உரம் போடலாமா? அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு போடலாமா?

இட்லிப்பூவுக்குச் சாம்பலும் முட்டை ஓடும் வேண்டவே வேண்டாம். இரண்டுமே மண்ணைக் காரமாக்கும். எலுமிச்சைக்கும் டெல்டா மண்ணில் அவை தேவையில்லை. ரோஜாவுக்குப் போட்டேன் நன்றாக வந்தது என்பார்கள். இது ரோஜா இல்லை.

எலுமிச்சை நன்றாகச் சாப்பிடும் மரம். ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட மரத்துக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை வருஷத்துக்கு 30 கிலோ தொழுவுரம், தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 200, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 300 கிராம். தழைச்சத்தை மார்ச்சிலும் அக்டோபரிலும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். களிமண் வீடுகளில் அக்டோபர் தவணையை மழை இறங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாய்க்காலுக்குத்தான் போகும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் தொழுவுரத்தை இரட்டிப்பாக்கி, வேப்பம் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துக் கொடுக்கலாம், காய் கொஞ்சம் குறையலாம், மரம் நன்றாகவே இருக்கும். பச்சைச் சாணத்தை அப்படியே அடியில் கொட்டாதீர்கள்.

இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மாதம் ஒரு கை மண்புழு உரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளித்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை நன்றாக நீர்க்கவிட்டு ஊற்றினால் போதும்.

ஆர்ஓ மிஷினில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

எலுமிச்சைக்குக் கூடவே கூடாது. அது உப்பு செறிந்த தண்ணீர், எலுமிச்சை உப்புக்கு மிகவும் பயப்படும் மரம், இலை நுனி கருகி உதிர ஆரம்பிக்கும். இட்லிப்பூவுக்கும் வேண்டாம். பாத்திரம், துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் அப்படித்தான், அதை வாழைக்கோ தென்னைக்கோ திருப்புங்கள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, அதை வாளியில் பிடித்து இட்லிப்பூவுக்கு ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. அரிசி கழுவிய தண்ணீர் இரண்டுக்கும் ஆகும்.

எலுமிச்சை ஆளுயரம் வளர்ந்துவிட்டது, பூவே இல்லை.

முதலில் வயசைப் பாருங்கள், விதைக் கன்றாக இருந்து மூன்று வருஷம்தான் ஆகிறதென்றால் காத்திருங்கள். அடுத்து வெயில்: ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத இடத்தில் எலுமிச்சை காய்க்காது. தென்னை நிழலில் இட்லிப்பூகூட ஓரளவு பூக்கும், எலுமிச்சை ஏமாற்றிவிடும். மூன்றாவது, தழைச்சத்தும் தண்ணீரும் அளவுக்கு மீறிப் போவது. மரத்துக்கு எல்லாம் தாராளமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது இலையாகத் தள்ளிக்கொண்டிருக்கும்.

காய்க்கும் வயசு வந்த, நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தால் மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் தண்ணீரை நிறுத்துங்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், ஏறக்குறைய அந்தச் சமயத்தில் நம் வாய்க்கால்களும் வற்றும். இரண்டு மூன்று வாரத்தில் இலை மதியத்தில் லேசாக வாட ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு உதிரும். களிமண்ணில் இன்னும் சில நாள் ஆகலாம். அப்போது அடியை லேசாகக் கொத்தி, எரு போட்டு, முதலில் கொஞ்சமாகவும் பிறகு நிறைவாகவும் தண்ணீர் விடுங்கள். தளிரோடு மொட்டும் வரும். மாசியில் பூத்தால் ஆடிவாக்கில் பழம் பறிக்கலாம். கன்றுக்கும் தொட்டிச் செடிக்கும் இதைச் செய்யாதீர்கள்.

இட்லிப்பூவை ஒருநாளும் இப்படிக் காயப் போடக் கூடாது.

பிஞ்சு உதிர்கிறது, காய் வெடிக்கிறது.

கொஞ்சம் உதிர்வது இயல்பு, மரம் தாங்கும் அளவுக்குத்தான் வைத்துக்கொள்ளும். நிறைய உதிர்ந்தால் தண்ணீர் ஒழுங்கில்லை என்று பொருள். நன்றாகக் காயவிட்டு ஒரேயடியாக வெள்ளமாகப் பாய்ச்சினால் உள்ளே சதை வேகமாகப் பெருத்துத் தோல் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். பிஞ்சு பிடித்த பிறகு தண்ணீரில் ஏற்ற இறக்கம் கூடாது.

கவாத்து இரண்டுக்கும் ஒன்றுதானா?

நேர் எதிர். இட்லிப்பூ கிளை நுனியில் பூக்கும், அதனால் வெட்ட வெட்டக் கிளை பெருகும், பூவும் பெருகும். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலை சேர்த்து வெட்டுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி ஆடியில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைக்கலாம். மாதாமாதம் கத்தரிக்கோலால் மொட்டையடித்தால் வேலி அழகாக இருக்கும், பூ இருக்காது, ஏனென்றால் வரப்போகும் கொத்தைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

எலுமிச்சையை அப்படி வெட்டக் கூடாது. காய்ந்த குச்சி, நோய்க் கிளை, தரையைத் தொடும் கிளை, அப்புறம் நேர் செங்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்து, இவற்றை மட்டும் எடுங்கள். நீர்ப்போத்தை அடையாளம் காண்பது சுலபம்: பெரிய இலை, நீள முள், மற்ற கிளைகளை மீறிக்கொண்டு ஒரே வீச்சில் மேலே போகும். வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள்.

எலுமிச்சைத் தளிரைப் புழு தின்கிறது, இலை சுருளுகிறது. மருந்து அடிக்க வேண்டுமா?

இலையில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் கிட்டே போய்ப் பாருங்கள், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். ஒரு குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டும், கூடவே நெடி அடிக்கும். கடிக்காது, பயப்பட வேண்டாம். சின்னக் கன்றை நாலு புழு சேர்ந்து மொட்டையாக்கிவிடும், அதனால் கன்றில் கையால் எடுத்துவிடுங்கள். பெரிய மரத்தில் நாலைந்து இருந்தால் விட்டுவிடலாம், பட்டாம்பூச்சி வரட்டும். கறிவேப்பிலையையும் அது விடாது.

இலையில் வெள்ளிக்கம்பி இழைத்த மாதிரி வளைந்து வளைந்து கோடு இருந்து இலை சுருண்டால் அது இலைத்துளைப்பான். இளந்தளிரில் மட்டும்தான் வரும். வேப்பங்கொட்டையை இடித்து லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டி, தளிர் விடும்போதே தெளியுங்கள். இதைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம், அது போட்ட காயம் வழியாகத்தான் சொறி நோய் சுலபமாக நுழையும். சொறி என்றால் இலையிலும் காயிலும் தடித்த பழுப்புப் புள்ளி, இலையில் சுற்றிலும் மஞ்சள் வளையம். நம் அடைமழையில் மளமளவென்று பரவும். மழைக்கு முன்பே பட்ட குச்சிகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளியுங்கள். சொறி விழுந்த காயைச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது.

இரண்டு செடியிலும் இலை மேல் கரி பூசின மாதிரி இருக்கிறது.

அது கரும்பூஞ்சை, செடியைத் தின்பதில்லை. மேல் கிளையில் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ அசுவினியோ சாறு உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும், அதன் மேல் வளர்வதுதான் இந்தக் கறுப்பு. எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போனால் பூச்சி இருக்கும் இடம் தெரியும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து பூச்சி மேல் படும்படி தெளியுங்கள். கறுப்பை எடுக்க மைதாக் கஞ்சி: லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் காய்ச்சி ஆறவைத்து நல்ல வெயில் நாளில் தெளித்தால், காய்ந்ததும் அப்பளப் பொருக்கு மாதிரி உரிந்து கறுப்போடு சேர்ந்து உதிரும்.

முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) கூடு கட்டியிருந்தால் அவசரப்பட்டுக் கொளுத்தாதீர்கள், அவை புழுக்களை வேட்டையாடும். சீனாவில் பல நூற்றாண்டுகளாக நாரத்தை வகை மரங்களில் முசுறுகளைக் கொண்டுவந்து விட்டு வளர்த்திருக்கிறார்கள். செதில் பூச்சி அதிகமாகி, அவற்றுக்கு முசுறு காவல் நிற்கிறது என்றால் மட்டும் கூட்டை எடுங்கள்.

தொட்டியில் இரண்டும் வருமா?

இட்லிப்பூ, அதிலும் குட்டை ரகம், பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் அருமையாக வரும். மண் கலவையை நாமே தீர்மானிக்கலாம் என்பதால் காரமண் ஊர்க்காரர்களுக்குத் தொட்டிதான் நல்லது. எலுமிச்சைக்குப் பதினெட்டு அங்குலமாவது வேண்டும், பாதி டிரம் இருந்தால் நல்லது, பதியன் கன்றாகப் பாருங்கள். அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று மழைக்கு முன் குச்சி விட்டுப் பாருங்கள்.

செம்பருத்தி, குரோட்டன்ஸுக்கும் இதே கணக்கா?

தண்ணீரில் இட்லிப்பூ மாதிரி. செம்பருத்தி கார மண்ணை இதைவிடத் தாங்கும், உரம் அதிகம் கேட்கும், மாவுப்பூச்சிதான் அதற்குப் பெரிய தொல்லை. குரோட்டன்ஸ் நிறம் மங்கினால் வெயில் போதவில்லை.

மண், தண்ணீரை எங்கே பரிசோதிப்பது?

வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கேளுங்கள். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் பல்கலைக்கழகத்தின் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, திருவாரூர் பக்கத்துக்கு நீடாமங்கலம், நாகைப் பக்கத்துக்குச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள். மண்ணோடு போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள், நம் பக்கத்தில் பாதிக் கோளாறு தண்ணீரில்தான். நாகை, வேதாரண்யம் கடலோரத்தில் தண்ணீர் உப்பாக இருந்தால் எலுமிச்சையை நிலத்தில் வைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

புயலில் எலுமிச்சை சாய்ந்துவிட்டால்?

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வந்தது. வேர் ஒரு பக்கம் மண்ணில் பிடித்திருந்தால் மரத்தைக் காப்பாற்றலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது. வெளியே தெரியும் வேரை உடனே ஈரச் சாக்கால் மூடுங்கள், வெயில் பட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஒடிந்த வேரைக் கூரான கத்தியால் சீராக வெட்டுங்கள். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, நாலு பேராகச் சேர்ந்து மெதுவாக நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கமும் மூங்கில் முட்டுக் கொடுங்கள். கயிறு தண்டை அறுக்காமல் பழைய துணி சுற்றிக் கட்டுங்கள். காயை எல்லாம் பறித்துவிடுங்கள். வெட்டிய இடங்களில் போர்டோ பசை தடவுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம், மூங்கில் முட்டுகளை ஒரு வருஷம் வரைக்கும் எடுக்க வேண்டாம். கடல் காற்றில் உப்பு படிந்து இலை கருகியிருந்தால், எலுமிச்சையோ இட்லிப்பூவோ, முதல் வேலையாக நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி விடுங்கள். இட்லிப்பூ ஒடிந்திருந்தால் தரையிலிருந்து ஓரடிக்கு வெட்டிவிடுங்கள், அடியிலிருந்து துளிர்த்துக்கொள்ளும்.